ஊசிக்கும் அரைப்பேருக்கும் நடுவே

இலங்கையின் தடுப்பூசிக் கணக்கில் குறை காண்பது சிரமம். விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. 1993க்குப் பிறகு இளம்பிள்ளைவாதம் ஒரு பிள்ளையையும் முடக்கவில்லை. 2019 ஜூலையில், சின்னமுத்தை ஒழித்துவிட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றுக்கான ஊசியின் மூன்றாம் தவணை ஆண்டுக்கு ஆண்டு 99 சதவீதக் குழந்தைகளைச் சென்றடைந்ததாகவே அந்த நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டுவந்தன. வசதி படைத்த நாடுகள் பலவும் எட்டாத எண் அது. ஆனாலும் 2023இல் கொழும்பில் சின்னமுத்து மறுபடி தலைகாட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் எழுநூறு பேருக்கு மேல் பிடித்துவிட்டது. அடுத்த ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடவேண்டி வந்தது. இந்த நோய் பரவாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும். அந்தத் தொண்ணூற்றைந்து நாட்டுச் சராசரியில் மட்டும் இருந்து பயனில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வகுப்பறையிலும் இருந்தாக வேண்டும். ஏனென்றால் ஊசி தவறிய பிள்ளைகள் நாடெங்கும் சீராகத் தூவிக் கிடப்பதில்லை. எந்தக் காரணத்தால் ஒரு பிள்ளைக்குத் தவறியதோ, அதே காரணம் பக்கத்து வீட்டிலும் இருக்கும்.

அந்தக் காரணங்கள் பல தலைமுறைகளாகக் குவிந்திருக்கும் இடங்களில் ஒன்று மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்கள். நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று நீளும் இந்தப் பகுதியில் குழந்தைத் தடுப்பூசி மோசமாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை நன்றாகவே நடக்கிறது. என் வாதம் வேறு. எஞ்சி நிற்கும் இடைவெளியை அறியாமை என்றும் அலட்சியம் என்றும் பெயரிட்டு, விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுச் சரிசெய்யப் பார்க்கிறோம். உண்மையில் அது வேலைநாளின் சிக்கல், பதிவேட்டின் சிக்கல். தாயின் கூலியைத் தொடாமல் அவள் பிள்ளைக்கு ஊசி போட வழி செய்யாதவரை, தோட்டக் கணக்கில் வராத பிள்ளையைத் தேடிப்போக ஒருவர் இல்லாதவரை, இடைவெளி அப்படியேதான் இருக்கும். பிள்ளை வளர்ந்து பாடசாலைக்குப் போகும் வயதில் அது இன்னும் அகலும்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். இந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழருக்கு அம்மைப்பால் குத்தியது அவர்களைக் காப்பதற்காக மட்டுமல்ல. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் வந்தபோது மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, பரிசோதித்து, ஊசி குத்தி, பிறகே கப்பலேற்றினார்கள். தொழிலாளியோடு நோயும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதே முதல் கவலை. தோட்டத்துக்குள் மருத்துவம் தோட்டத்துரையின் பொறுப்பாக இருந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதற்கு ஒரு வடிவம் தந்தது. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கையில் தோட்டங்களிலேயே தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், அதே புழு மறுபடி ஏறியது. மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு வாழ்நிலையைத் தொடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. பாடம் படித்தவர்கள் அதைத் தோட்டத்தில் நடைமுறைப்படுத்தவில்லை. 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு களுத்துறையில் அமைந்தது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு மருத்துவ அதிகாரி, அவர் கீழ் பரிசோதகர்கள், வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதுகள் என்ற அந்த ஏற்பாடுதான் பிற்காலத்தில் இலங்கையின் தாய்சேய் நலம் உலகப் பெயர் பெறக் காரணமாயிற்று. அது கிராமத்துக்குப் போனது. தோட்டம் துரையிடமே விடப்பட்டது. ஒரே மாவட்டத்தில் இரண்டு சுகாதார அமைப்புகள், ஒன்றுக்குக் குடிமகன் கணக்கு, மற்றதற்குத் தொழிலாளி கணக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியபோது அந்தப் பிரிவு இன்னும் இறுகிப்போனது.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்புதான் அரச சுகாதார ஏற்பாடு உள்ளே வரத் தொடங்கியது. 1992இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. நலப் பணிகள் கம்பனி, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், அரசு என்று மூன்று கைகளில் பகிரப்பட்டன. இன்று ஊசி போடுவது சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனை. கிளினிக் நடக்கும் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவமும் தோட்ட டிஸ்பென்சரியும் பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தம். தாயின் நேரம் வெளிக்கள உத்தியோகத்தர் கையில். மூவரும் ஒத்துழைக்கும் தோட்டத்தில் கிளினிக் நாள் திருவிழாப் போல நடக்கும். ஒருவர் பின்வாங்கினால் மற்ற இருவரும் அவரைக் காட்டிவிட்டுப் போய்விடலாம்.

மாதத்தில் ஒருநாள் நடக்கும் அந்தக் கிளினிக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். மடுவத்தின் கூரை வளையில் தராசு தொங்கும். குளிர்ப்பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவே ஊசிமருந்துக் குப்பிகள். மிஸ், அதாவது மருத்துவ மாது, கார்டைப் பார்த்து எடையைக் குறித்து, எந்தத் தவணை பாக்கி என்று பார்த்து ஊசி போடுவார். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் தாய்க்கு அது ஐந்து நிமிடமல்ல. காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் வரிசையில், பேர் கொடுத்து மலைக்குப் போனவள் அங்கிருந்து இறங்கி வந்து, வரிசையில் நின்று, பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி ஏறும்போது கொழுந்து நிறுவை ஒன்று போயிருக்கும். பல தோட்டங்களில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, பதினெட்டுக் கிலோ கொழுந்து வேண்டும். குறைந்தால் அரைநாள் கூலியான அரைப்பேர்தான் விழும். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாயாக உயர்ந்தபின் அந்த அரைப்பேரின் விலையும் உயர்ந்துவிட்டது. ஊசி இலவசம். ஆனால் பிறந்த அன்று போடும் பி.சி.ஜி.க்குப் பின் இரண்டாம், நான்காம், ஆறாம், ஒன்பதாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்கள், பிறகு மூன்று வயது, ஐந்து வயது என்று ஒரு பிள்ளைக்கு எட்டு நாள்கள் கார்டில் நிற்கின்றன. மகப்பேற்று விடுமுறை 84 நாள்கள்தான் என்பதால் அவற்றில் இரண்டாம் மாதம் ஒன்றுதான் அதற்குள் அடங்கும். மற்ற நாள்கள் எல்லாம் வேலைநாள்கள்.

சம்பள ஏற்பாடுகளே வராத நாளைத் தண்டிக்கும் விதமாக அமைந்திருப்பதை யாரும் தடுப்பூசியோடு சேர்த்துப் பேசுவதில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். அதற்கு மேல் வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140 என்று கொடுப்பனவுகள் நின்றன. வேலை நாள்களில் முக்கால்பங்கு வந்தால்தான் வருகைக் கொடுப்பனவு. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் அரசு தன் பங்காக 200 ரூபாய் நாளாந்த வருகை ஊக்கத்தொகையை முன்மொழிந்தது. கூலி உயர்வது நல்லதுதான். ஆனால் உயர்வை வருகையோடு முடிச்சுப்போடும் ஒவ்வொரு முறையும் கிளினிக் நாளின் விலை கூடுகிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலைக்கு நடுவே இரண்டு இடைவேளை தருகிறது, பிள்ளை மடுவம் இருந்தால் அரைமணி நேரம், இல்லாவிட்டால் ஒருமணி நேரம். பால் கொடுப்பதை வேலைநாளின் பகுதியாக ஏற்றுக்கொண்ட சட்டத்துக்கு, ஊசி போடுவதையும் அப்படி ஏற்றுக்கொள்வது ஒன்றும் புதுக் கொள்கை ஆகாது.

சிறு செலவும் சிறு நிச்சயமின்மையும் பெற்றோரை எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று ராஜஸ்தானிலிருந்து இருக்கிறது. உதய்பூர் மாவட்டத்தின் 134 கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நடத்திய பரிசோதனை 2010இல் வெளிவந்தது. வழக்கமான சேவை மட்டும் இருந்த கிராமங்களில் எல்லா ஊசியும் முழுமையாகப் போட்ட பிள்ளைகள் 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த கிராமங்களில் 39. மக்கள் தடுப்பூசியை வெறுத்திருந்தால் ஒரு கிலோ பருப்புக்கு மனம் மாறியிருக்க மாட்டார்கள். நினைவூட்டலின் பலம் குறித்தும் சான்று உண்டு. 2018இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு 75 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கடிதமோ தொலைபேசி அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பி நினைவூட்டினால் ஊசி போடுவோர் விகிதம் ஏறத்தாழ எட்டுப் புள்ளி உயரும் என்று கண்டது. எட்டுப் புள்ளி சின்ன விஷயமல்ல. ஆனால் நினைவூட்டல் மறந்தவருக்கே உதவும். நாள் நினைவிருந்தும் போக முடியாத தாயின் தொலைபேசிக்கு இன்னொரு குறுஞ்செய்தி வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தத் தொலைபேசியும் பல வீடுகளில் கொழும்புக்கு வேலைக்குப் போன தகப்பனின் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

உதய்பூர்க் கணக்கைக் கேட்டவுடன் தோட்டத்துக்கும் பருப்போ பணமோ கொடுக்கலாமே என்று தோன்றும். அதை நான் ஏற்கவில்லை. ஆறு சதவீதத்திலிருந்து தொடங்கிய இடமும் தொண்ணூறைத் தாண்டிய இடமும் ஒன்றல்ல என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தோட்டத்துப் பெண்களின் நினைவில் இருக்கிறது. எண்பதுகளில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடையே அந்தச் சிகிச்சையின் விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்து நின்றது. உடம்பின் மேல் ஏதோ செய்ய அரசு காசு கொடுக்கிறது என்றால் சந்தேகப்படுவதற்கு இங்கே வரலாற்று நியாயம் உண்டு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கான ஊசி என்றால். பரிசு வேறு, இழப்பீடு வேறு. ஊசி போட்டால் காசு என்பது சந்தேகத்தைக் கிளப்பும். ஊசி போட்டதற்காகக் கூலி குறையாது என்பது எவரையும் சந்தேகப்பட வைக்காது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: பயமும் வதந்தியும் இல்லவே இல்லையா? உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2008இல் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி அறிமுகமாகிச் சில மாதங்களில், ஊசிக்குப் பின் நேர்ந்த குழந்தை மரணங்களால் அதை நிறுத்திவைத்தார்கள். நிபுணர் குழு ஆராய்ந்தது, பிறகு 2010இல் மறுபடி கொடுத்தார்கள். 2009இல் மாத்தறையில் ருபெல்லா ஊசிக்குப் பின் ஒரு மாணவி இறந்தது நாட்டையே உலுக்கியது. இத்தனைக்குப் பிறகும் நாட்டின் தடுப்பூசி விகிதம் சரிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசிக்குப் பின் வரும் பாதகங்களை 1996 முதலே பதிந்து ஆராயும் ஏற்பாடு இருந்தது. நிறுத்த வேண்டியபோது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினோம் என்று சொன்னார்கள். வீட்டுப் படிவரை வந்துபோகும் மிஸ்ஸைத் தாய்மாருக்குத் தெரியும். நம்பிக்கை சுவரொட்டியால் வந்ததல்ல, தெரிந்த முகத்தால் வந்தது. மலையகத்தில் அந்தத் தெரிந்த முகம் பல இடங்களில் தமிழ் பேசுவதில்லை. ஊசிக்குப் பின் காய்ச்சல் வரும், இன்ன அளவு மருந்து கொடு, இன்ன அறிகுறி தெரிந்தால் உடனே தூக்கிவா என்பதைச் சைகையிலும் பாதி மொழியிலும் கேட்டுப்போன தாய், இரவில் பிள்ளை அனலாய்க் கொதிக்கும்போது என்ன நினைப்பாள்? அடுத்த தவணைக்கு அவள் தயங்கினால் அதை மூடநம்பிக்கை என்று எழுதுவது சுலபம்.

வேலைநாள் சிக்கலோடு இன்னொன்றும் பின்னியிருக்கிறது, வெளியே தெரியாதது. உயிருள்ள வைரசால் ஆன ஊசிமருந்து பல தவணைக் குப்பியாக வரும்போது, கலந்த ஆறு மணி நேரத்துக்குள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இருநூறு குடும்பமுள்ள ஒரு தோட்டப் பிரிவில், அதாவது டிவிசனில், ஒன்பதாம் மாத ஊசிக்கு ஒரு கிளினிக்கில் ஒரே ஒரு பிள்ளைதான் வரக்கூடும். ஒரு பிள்ளைக்காகக் குப்பியை உடைப்பதா, அடுத்த மாதம் வா என்பதா? விரயக் கணக்கு கேட்கும் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இரண்டாவதைத் தெரிவுசெய்தால் மனித இயல்பில் அது அதிசயமில்லை. உலகெங்கும் இதே கதைதான். அடுத்த மாதம் வா என்ற ஒரு சொல், அவளுக்கு இன்னொரு அரைப்பேர். ஒரு பிள்ளைக்காகவும் குப்பியை உடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்திருக்கிறது. அப்படிச் சொன்னால் போதாது, விரயத்துக்காக அந்த ஊழியரைக் கேள்வி கேட்கமாட்டோம் என்றும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பதிவேட்டின் கதை இதைவிட ஆழமானது. 2012 கணக்கெடுப்பில் தோட்டத் துறையில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம். அவர்களில் கம்பனியின் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் பேருள்ள தொழிலாளர் சிறு பகுதியினரே, ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பகுதி சுருங்குகிறது. லயத்தில் இருந்துகொண்டு நகரத்துக் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் வேலைபார்ப்போர் பெருகிவிட்டார்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம், பாட்டி வேறொரு தோட்டத்தில். தோட்ட நிர்வாகத்தின் கண்ணில் இவர்கள் குடியிருப்போர், தொழிலாளர் அல்லர். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பழைய பிரதேச செயலகப் பிரிவுகளில் நுவரெலியாவும் அம்பகமுவையும் மட்டும் தலா இரண்டு லட்சத்துக்கு மேல் மக்களைச் சுமந்தன, ஹங்குராங்கெத்தையில் ஒரு லட்சம்கூட இல்லை. தோட்டங்கள் நிறைந்த பிரிவுகள்தான் அந்த இரண்டும். ஒரு மருத்துவ மாதுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர் என்பது நியதி. மூவாயிரம் பேர் ஒரே கிராமத்தில் நெருங்கி இருப்பதும், மூன்று மலைமுகடுகளில் ஆறு டிவிசன்களாகச் சிதறி இருப்பதும் ஒரே வேலைப்பளுவா? தலைக்கணக்கு இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

இத்தனை குறைக்கு மத்தியிலும் கைக்குழந்தைக்கு ஊசி போய்ச் சேர்கிறது, ஏனென்றால் அவனைத் தேடிப்போக ஒருவர் இருக்கிறார். பதினொரு வயதுப் பிள்ளையைத் தேடிப்போவது யார்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாததுதான் வளரிளம் பருவத் தடுப்பூசியின் பலவீனம். இலங்கையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017இல் தரம் 6 மாணவியருக்கு வந்தது, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. தரம் 7இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு நாள் குறிப்பார், மருத்துவ அதிகாரி வருவார், அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஊசி கிடைக்கும். அன்று வராதவள், மழையால் பாதை உடைந்து மேட்டு டிவிசனிலிருந்து இறங்க முடியாதவள், தரம் 5ஓடு நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பவள், பிற்பாடு கிளினிக்குக்கு வரலாம் என்று விதி சொல்கிறது. வருவதற்கு அவளைக் கூட்டிவர வேண்டியவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி அதே அரைப்பேர்.

2020, 2021இல் பாடசாலைகள் நீண்டகாலம் மூடிக்கிடந்தபோது இந்தத் தர ஒழுங்கே குலைந்தது. 2022இல் எரிபொருள் நெருக்கடியால் மறுபடி மூடினார்கள். ஊசி வயதால் அல்லாமல் வகுப்பால் கணக்கிடப்படும்போது, வகுப்பு ஏறிப்போன பிள்ளை பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறாள். எச்.பி.வி. என்ற இந்த ஒரு ஊசி தோட்டத்தில் மற்ற இடங்களைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். முப்பத்தைந்து வயதில் பெண் நல கிளினிக்குக்குப் போய்க் கருப்பைக் கழுத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது நாட்டின் ஏற்பாடு. அதற்கும் ஒரு வேலைநாளை இழந்து, அந்தரங்கமான பரிசோதனைக்கு உடன்பட்டு, முடிவை அறிய இன்னொரு முறை போக வேண்டும். பதினொரு வயதில் போட்ட ஊசி, முப்பத்தைந்தில் இழக்கவேண்டிய கூலியை நம்பி இருப்பதில்லை.

றுவாண்டா 2011இல் இதே தரம் 6 மாணவியரிலிருந்துதான் தொடங்கியது. இலங்கையைவிட வறிய நாடு, போர்க்கொடுமையிலிருந்து எழுந்த நாடு. முதல் ஆண்டிலேயே மூன்று தவணையும் 93 சதவீதப் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்தார்கள். பாடசாலையில் ஊசி போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளைகளையும், பாடசாலைக்கே போகாத பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளையும் கிராமச் சுகாதாரத் தொண்டர் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியரின் பட்டியலும் தொண்டரின் பட்டியலும் ஒரு மேசையில் வைத்து ஒப்பிடப்பட்டன. மலையகத்தில் ஆசிரியரிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது, மருத்துவ மாதுவிடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது, மடுவத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிந்த ஆயா இருக்கிறார். இவை மூன்றும் ஒரே மேசைக்கு வருவதில்லை என்பதே குறை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. ஊசி ஒரே தவணையாகவும் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. தொலைவான இடங்களுக்கு அது பெரிய விடுதலை. ஒரு முறை கண்ட பிள்ளையை மறுபடி தேடவேண்டிய பாரம் குறைகிறது.

வேறொரு பக்கமிருந்து கடுமையான மறுப்பு ஒன்று எழும், அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடெங்கும் 17 சதவீதம், தோட்டங்களில் 32. சோறும் வீடும் சரியில்லாத இடத்தில் கடைசிச் சில சதவீத ஊசியைப் பற்றிப் பேசுவது கொக்கிப்புழுக்காரர் செய்த அதே தவறல்லவா? கேள்வி நியாயமானது. ஆனால் ஊசிக் கிளினிக்கில்தான் எடை பார்க்கிறார்கள், அந்தக் கார்டில்தான் வளர்ச்சிக் கோடு கீறப்படுகிறது, திரிபோஷ சத்துமா அங்கேதான் கிடைக்கிறது. ஊசிக்கு வரமுடியாத தாயின் பிள்ளைதான் எடைக்கும் வராத பிள்ளை. ஊசி போடும் நாளுக்காகக் கேட்கும் கூலிப் பாதுகாப்பு போசாக்குக்கும் சேர்த்தே கேட்கப்படுகிறது.

கட்டாயப்படுத்தினால் என்ன என்பாரும் உண்டு. கார்டில் ஊசி முழுமையாக இல்லாத பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்காதே என்றால், ஊசி, பள்ளி இரண்டையும் இழக்கும் பிள்ளை யாருடையது என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

கடைசியாகச் செலவு. கிளினிக் நாளில் இரண்டு மணிநேரத்தை வேலைநேரமாகக் கருதி, அன்றைய கிலோக் கணக்கில் அந்தப் பங்கைக் கழித்து முழுப்பேர் போட்டால், விடுமுறைக்குள் அடங்கும் இரண்டாம் மாதம் போக, ஒரு பிள்ளைக்காகத் தாய்க்கு ஐந்து ஆண்டில் ஏழு தடவை. வளரிளம் பிள்ளைக்கு இன்னும் மூன்று. கம்பனிகள் விளைச்சல் குறைவையும் சந்தை விலையையும் காட்டி மறுக்கும். அரசு வருகை ஊக்கத்தொகைக்குப் பணம் ஒதுக்கத் தயாராக இருக்கும் இந்த வேளையில் மறுப்புக்கு விடை அந்தப் பணத்திலேயே இருக்கிறது: கிளினிக் கார்டில் மிஸ் வைத்த கையொப்பத்தையும் தேதியையும் கணக்கப்பிள்ளையிடம் காட்டினால் அன்றைய நாள் வருகையாகவே பதியப்பட வேண்டும். சம்பளச் சபை வர்த்தமானியில் சேர்க்க இரண்டு வரி போதும். தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு முறையும் சம்பளத் தொகையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிடுகின்றன. அடுத்த பேச்சுவார்த்தையில் அந்த இரண்டு வரியை எந்தச் சங்கம் மேசையில் வைக்கிறது என்று பார்க்கலாம்.